கடலோர வீட்டில் கோடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரங்கம்பாடிக்கும் காரைக்காலுக்கும் இடைப்பட்ட கரையில், அலைவாயிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. முன்கட்டு நாட்டு ஓடு வேய்ந்தது. பின்கட்டுக்கு மொட்டை மாடி உண்டு. கொல்லையில் ஓர் உறைக்கிணறு. பள்ளி விடுமுறை தொடங்கியதும் தஞ்சாவூர், திருச்சி, கோயம்புத்தூர் பக்கங்களிலிருந்து வரும் உறவினரும், பூர்வீக வீட்டைச் செப்பனிட்டு மீண்டும் குடியேற நினைப்பவரும் ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகளுக்கு, இங்கே பிறந்து வளர்ந்து இன்றும் இங்கேயே வாழ்பவர் என்ற முறையில் விடை எழுதியிருக்கிறேன்.

கடலுக்கு அருகில் வீடு இருந்தால் கோடை குளுமையாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. வெயிலில் தரை விரைவாகச் சூடேறும். கடல்நீர் மெல்லத்தான் சூடேறும். முற்பகலில் தரைக்கு மேலுள்ள காற்று வெம்மையால் மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சித்திரை மாதத்தில் இந்தக் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டி எங்கள் தெருவை எட்டிவிடும். தென்னங்கீற்றுகள் ஒரே திசையில் சாயத் தொடங்கியதும் வீட்டிலுள்ளவர்கள் சொல்லிவைத்தாற்போல் எழுந்து கீழண்டைச் சன்னல்களைத் திறப்பார்கள். அதே வேளையில் உள்நாட்டு ஊர்களில் வெப்பம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

மற்றொரு பாதியை வெளியூரார் அறிவதில்லை. மே மாதத்தின் பிற்பகுதியிலும் ஜூனிலும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, காய்ந்த சமவெளியை முழுவதும் கடந்து, அனல் காற்றாக எங்கள் கரைக்கு வந்து சேர்கிறது. மேற்கிலிருந்து வரும் இந்தக் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். தெற்கிலிருந்து வருவது சோழகம், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை. கச்சான் வலுத்த நாளில் கடற்காற்றால் கரையேற முடியாது. மாலை நான்கு மணி வரையிலும் கூட மேல்காற்றே வீசும். கத்திரி வெயில் மே 4 அளவில் தொடங்கி மே 28 அளவில் முடிவதாகப் பஞ்சாங்கம் குறிக்கிறது. ஆனால் கத்திரி முடிந்துவிட்டது என்று நம்பி ஜூன் முதல் வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள்தாம் அதிகம் வாடிப்போயிருக்கிறார்கள். நல்ல காற்றை அனுபவிக்க வேண்டுமானால் சித்திரையிலேயே வாருங்கள்.

காற்று வந்த பிறகும் உடம்பு பிசுபிசுவென்று இருப்பது ஏன்?

கடற்காற்று வெப்பத்தைக் குறைக்கும். ஆனால் ஈரத்தைக் கொண்டு வரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலர்வதில்லை, உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. அதனால்தான் திருச்சியில் வெப்பம் கூடுதலாக இருந்தும் தாங்க முடிகிறது, இங்கே குறைவாக இருந்தும் புழுக்கம் வாட்டுகிறது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். மெல்லிய பருத்தி ஆடை, இரு வேளைக் குளியல், காற்றோட்டமான இடத்தில் இருப்பது ஆகிய மூன்றும் போதும். குழந்தைகளுக்கு வியர்க்குரு வந்தால் பவுடரைக் கொட்டி அடைக்காமல், நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி ஈரம் துவட்டி, காற்றாட விடுங்கள்.

சன்னல்களை எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும்?

விடியற்காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய கரைக்காற்று வீசும். அப்போது எல்லாச் சன்னல்களையும் திறந்து, இரவின் புழுக்கத்தை வெளியேற்றிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் மேற்குப் பக்கத்தை அடைத்துவிட்டு, கடற்காற்று வந்தவுடன் கிழக்குப் பக்கத்தைத் திறக்க வேண்டும். கிழக்கே திறந்தால் மட்டும் காற்று நுழைந்துவிடாது. அது வெளியேற எதிர்ப்புறத்தில் உயரமான ஒரு திறப்பாவது வேண்டும். பழைய வீடுகளில் வாசல், முற்றம், கொல்லைக் கதவு ஆகியவற்றை ஒரே நேர்கோட்டில் வைத்ததன் காரணம் இதுதான். புதிதாகக் கட்டுகிறவர்கள் முற்றத்தை மூடி அறையாக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது, ஏனெனில் அவர்கள் மூடுவது வீட்டின் மூக்கை.

வெட்டிவேர்த் தட்டியும் ஏர் கூலரும் இங்கே பயன்படுமா?

கச்சான் வீசும் நாளில் மிக நன்றாகப் பயன்படும். ஈரத் தட்டி காற்றைக் குளிர்விப்பது நீர் ஆவியாவதால்தான்; வறண்ட காற்றில் நீர் விரைவாக ஆவியாகும். கடற்காற்று வந்துவிட்டால் அது முன்பே ஈரம் நிறைந்தது என்பதால், தட்டியை நனைப்பது புழுக்கத்தைத்தான் கூட்டும். ஆகவே மேற்குச் சன்னலில் தட்டி கட்டி, மேல்காற்று இருக்கும் வரை நனைத்து, காற்று திரும்பியதும் நிறுத்திவிடுகிறோம். குளிர்சாதனப் பெட்டி பொருத்துகிறவர்கள் அதன் வெளிப்பகுதியைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டக் கூடாது. உப்புக் காற்று நேரே படும் இடத்தில் அதன் தகடுகள் விரைவில் அரித்து உதிர்ந்துவிடும்.

கிணற்று நீர் சித்திரை, வைகாசியில் உப்புக் கரிப்பது ஏன்?

கடலோர வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் மணலுக்கு அடியில் இருப்பது தனித்தனி ஊற்றுகள் அல்ல. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி மிகுந்தது. அதனால் நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், அதன் எடை கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியே கண்டறிந்து சொன்ன கணக்கு இது. இதன் மறுபக்கம் அச்சமூட்டுவது: மேலே ஓர் அடி நீர் குறைந்தால், கீழே உப்புநீர் நாளடைவில் 40 அடி வரை மேலேற இடம் கிடைத்துவிடுகிறது.

கோடையில் மழை இல்லை, வாய்க்காலில் தண்ணீர் இல்லை, வீட்டில் ஆட்கள் அதிகம், குளியலும் அதிகம். எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போடும்போது கிணற்றைச் சுற்றியுள்ள நீர்மட்டம் குழிந்து இறங்க, நேர் கீழேயுள்ள உப்புநீர் கூம்பு போல் எழும்பி வருகிறது. எங்கள் வீட்டில் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்து இறைக்கிறோம். இடையில் கிணறு ஊறுவதற்கு நேரம் கொடுக்கிறோம். ஒரே மூச்சில் தொட்டி நிரம்பும் வரை இறைத்த ஆண்டுகளில் வைகாசி பிறக்கும் முன்பே காப்பியில் கரிப்பு தெரிந்தது. பிரித்து இறைக்கத் தொடங்கிய பிறகு ஆனி வரையிலும் நீர் தாக்குப்பிடிக்கிறது.

அப்படியானால் ஆழ்துளைக் கிணறு போட்டுவிடலாமே?

எங்கள் தெருவில் ஆழமாகப் போட்டவர்களுக்குக் கிடைத்தது உப்புநீர்தான். மேலே சொன்ன படலத்தைத் துளைத்துக்கொண்டு நேரே அடியிலுள்ள உப்பைத் தொடுவதால் அவர்களுடைய நீர் கெட்டதோடு, அக்கம்பக்கத்துக் கிணறுகளும் கெட்டன. மேலாக, அகலமாக வெட்டிய உறைக்கிணறே இந்த மண்ணுக்கு ஏற்றது. கூரை மீது விழும் மழைநீரை வீணாக்காமல் மணலுக்குள் இறக்குங்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையின் உப்புநீர் நிறைந்த கிணறுகளை மீண்டும் இனிக்க வைத்ததில் அடுத்தடுத்த பருவமழைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

சுவர் பூத்து உதிர்கிறது. என்ன பூச வேண்டும்?

சுவர் சுண்ணாம்பால் கட்டிய பழைய சுவராக இருந்தால் சுண்ணாம்புதான். சிமெண்ட் வேண்டாம். இதை நான் இழப்பின் வழியாகக் கற்றுக்கொண்டேன். கீழண்டைச் சுவரில் வெள்ளையாக உப்பு பூப்பதைப் பார்த்து, அப்போது வேலை செய்த கொத்தனாரின் யோசனைப்படி இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசினோம். முதல் கோடையில் சுவர் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது கோடையில் பூச்சு தட்டினால் டொம்மென்று ஒலித்தது; விரலால் நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்குப் பத்தை பத்தையாகக் கழன்றது. உள்ளே இருந்த செங்கல்லின் முகம் மாவாகியிருந்தது. சுவருக்குள் ஏறிய ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் காயும் இடத்தில் உப்பு படிகமாகித் தான் இருக்கும் பரப்பையே வெடிக்கச் செய்கிறது. அதன்பின் சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்து, சுண்ணாம்புக் காரை பூசி, ஆண்டுதோறும் தை மாதத்தில் வெள்ளையடிக்கிறோம். உப்பு இன்னும் பூக்கிறது. தென்னந்துடைப்பத்தால் தட்டிவிட்டால் போய்விடுகிறது. தரங்கம்பாடியில் டேனியர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையும், ராஜ வீதியின் பழைய வீடுகளும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவது என் வழக்கம்.

கதவுக் கீல், பூட்டு, மின்விசிறி எல்லாம் துருப்பிடிக்கின்றனவே?

காற்றில் வரும் உப்புத்துகள் உலோகத்தின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் துரு நிற்பதே இல்லை. இரும்புக் கீலுக்குப் பதிலாகப் பித்தளையோ, 316 தரத் துருப்பிடிக்காத எஃகோ போடுங்கள். மலிவான எஃகு பெயருக்குத்தான் துருப்பிடிக்காதது. எங்கள் கொல்லைக் கதவில் கீலே கிடையாது. மேலும் கீழும் மரக்குடுமி வைத்து நிலையில் செருகிய கதவு அது. என் பாட்டனார் காலத்திலிருந்து, ஆண்டுக்கு ஒருமுறை சில துளி எண்ணெய் விடுவதைத் தவிர வேறு செலவு வைத்ததில்லை. விசிறி இறக்கையையும் நிலைக்கண்ணாடியையும் வாரம் ஒருமுறை முதலில் ஈரத்துணியாலும் பிறகு உலர்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியைக் கீறிவிடும்.

கோடையில் வந்தால் நல்ல மீன் கிடைக்குமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் 2001-இல் 45 நாள்களாகத் தொடங்கிய இந்தத் தடை பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஆகவே வஞ்சிரம் போன்ற பெரிய மீன்களுக்கு விலை ஏறும். சந்தைக்கு வருவதில் ஒரு பகுதி பனிக்கட்டியில் வெகுதொலைவு பயணம் செய்த மீனாக இருக்கும். ஆனால் ஃபைபர் படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் தடை இல்லை. அவை கரைக்கு அருகிலேயே பிடித்துக் காலையில் கொண்டுவரும் நெத்திலி, மத்தி, சங்கரா, கிழங்கான், நண்டு ஆகியவை கோடை முழுவதும் கிடைக்கும். பெரிய மீன் கிடைக்கவில்லை என்று குறைப்பட வேண்டாம். மாங்காய் போட்டு வைத்த நெத்திலிக் குழம்புக்கு ஈடாக வேறொரு மீன் குழம்பை நான் சொல்ல மாட்டேன். மாங்காயும் நெத்திலியும் ஒன்றாகக் கிடைப்பது இந்தப் பருவத்தில்தான். தடைக்காலத்தில் படகில் வேலை செய்பவர்களின் குடும்பங்களுக்கு வருமானம் முடங்குகிறது என்பதை எண்ணி, கரையில் வாங்கும்போது பேரத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

கருவாடும் வற்றலும் வீட்டில் போட முடியுமா?

முடியும், காற்றைப் பார்த்துப் போட வேண்டும். கச்சான் வீசும் நாளில் எல்லோரும் வெயிலை நொந்துகொண்டிருக்க, என் மனைவி மட்டும் முகம் மலர்ந்து மாடிக்குப் போவார். மோர்மிளகாயும் வடகமும் அந்த வறண்ட காற்றில் இரண்டே நாளில் சலசலவென்று காயும். கடற்காற்று நண்பகலிலேயே வந்துவிடும் நாளில், காற்று திரும்பியவுடன் முறத்தோடு உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் காய்ந்தது மாலையில் நமுத்துப்போகும்.

கருவாட்டில் நெத்திலி எளிது. உப்பிடாமலேயே அலசி, பாயில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, காக்கைக்குப் பழைய வலையை மேலே விரித்து, இரண்டு மூன்று நாள் காயவைத்தால் போதும். வளைத்தால் ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். திருக்கை, சுறா போன்றவற்றைக் கீறி, குடல் நீக்கி, உப்பில் ஓர் இரவு ஊறவைத்த பிறகே காயப்போட வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, மாதம் ஒருமுறை வெயில் காட்டினால் மழைக்காலம் வரை கெடாது.

சமையலறையில் உப்பு தண்ணீராகிவிடுகிறதே?

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். எங்கள் கோடை இரவுகள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியவை. தூள் உப்பை விடுத்துக் கல்லுப்பை வாங்கி, இறுக்கமான மூடியுள்ள பீங்கான் ஜாடியில் வையுங்கள். அப்பளம், வெல்லம், காப்பித்தூள் ஆகியவற்றைச் சிறு அளவில் வாங்குவதே நல்லது.

விருந்தினருக்கு என்ன உணவு ஏற்றது?

காலையில் பழைய சோறும் மோரும், சுட்ட கருவாடும் சின்ன வெங்காயமும். பிற்பகலில் நுங்கு. இரவில் எளிமையாக ஏதேனும். வியர்வை மிகுதியாக வெளியேறும் இடத்தில் உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் வெறும் தண்ணீரைவிட நன்றாக உடலைத் தாங்குகின்றன.

குழந்தைகளைக் கடலில் விடலாமா?

கணுக்கால் அளவு நீரில், கைக்கெட்டும் தொலைவில் பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தால் விடலாம். அதற்கு மேல் வேண்டாம் என்று இரந்து கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கரை குளத்தைப் போல மெல்ல ஆழமாவதில்லை. இரண்டு அடி எடுத்து வைத்தால் நெஞ்சளவுக்குப் பள்ளம் விழும் இடங்கள் உண்டு, அவை நாளுக்கு நாள் இடம் மாறும்.

நீந்தத் தெரிந்தவர்களையும் இழுத்துச் செல்வது நீரோட்டம்; மீனவர்கள் அதை நீவாடு என்பார்கள். இருபுறமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்க, நடுவே ஒரு பட்டையில் மட்டும் அலை உடையாமல், கலங்கிய நீர் கடலை நோக்கி ஓடுவது போல் தெரிந்தால் அங்கே இறங்கவே கூடாது. வெளியூரார் அமைதியான இடம் என்று எண்ணித் தேடிப் போவது அந்தப் பட்டையைத்தான். ஒருவேளை சிக்கிவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையிலிருந்து விலகிய பிறகே கரையை நோக்கித் திரும்ப வேண்டும். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களுக்கு அருகில் நீந்துவதும், பாசி படிந்த அந்தக் கற்களின் மேல் நின்று படம் எடுப்பதும் ஆபத்தானவை. இறங்குவதற்கு முன் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரிடமாவது, "இன்னைக்குத் தண்ணி எப்படிண்ணே இருக்கு?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

சொறி மீன் பட்டுவிட்டால்?

மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். இரண்டும் தோலில் ஒட்டியிருக்கும் நுண்ணிய கொட்டுறுப்புகளை மேலும் வெடிக்கச் செய்யக்கூடும். கடல்நீராலேயே அலசி, ஒட்டியுள்ள இழைகளை வெறுங்கையால் தொடாமல் அகற்றுங்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடப்பதும் கொட்டும் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

இரவில் கடலைப் பார்த்த விளக்கை அணைக்கச் சொல்கிறீர்களே, ஏன்?

தை முதல் பங்குனி வரை கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகளின் கடைசிக் குஞ்சுகள் வெளிவருவது கோடையின் முற்பகுதியில்தான். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும். பொரிய ஏறத்தாழ 45 முதல் 60 நாளாகும். இரவில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையே கடல் என்று நம்பி நகர்கின்றன. ஒருமுறை விடியற்காலையில் எங்கள் வேலியோரம் காய்ந்த தென்னம்பாளைக்குள் ஒரு குஞ்சு, வயிறு வரை மணல் ஒட்டி, துடுப்பை மெல்ல அசைத்துக்கொண்டு கிடந்தது. நான் அணைக்க மறந்த மாடி விளக்கைப் பார்த்து அத்தனை தூரம் வந்திருந்தது. ஈரமணலில் கொண்டுபோய் விட்டதும் நின்று, தலையைத் தூக்கி, அலையை நோக்கித் தானே நடந்தது. அன்றிலிருந்து ஒன்பது மணிக்கு மேல் கிழக்கு விளக்குகள் எரிவதில்லை.

வீட்டுக்கு முன்னுள்ள மணல்மேட்டைச் சுத்தம் செய்து சமன்படுத்தலாமா?

கூடாது. ஊதாப்பூ பூக்கும் அடம்பங்கொடியும், முள்ளுருண்டையாக உருண்டோடும் இராவணன் மீசையும் குப்பைச் செடிகள் அல்ல. மணலைப் பிடித்து நிறுத்துபவை அவை. அவற்றை வெட்டிவிட்டால் கோடைக்காற்றில் மணல் முழுவதும் வீட்டுக்குள் வந்து சேரும். மேலும் அந்த மேடு மழைநீரைத் தேக்கிக் கிணற்றுக்குத் தருகிறது. நிழல் வேண்டுமானால் உப்புக் காற்றைத் தாங்கும் புன்னையையும் பூவரசையும் நடுங்கள்.

இந்தக் கோடை எப்போது முடியும்?

ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் போகும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டாலும் கடைமடையான எங்கள் பக்கத்து வாய்க்கால்களுக்குத் தண்ணீர் வந்து சேர மேலும் பல நாள்கள் ஆகும். ஆடியில் சில மாலைகளில் மேற்கே இடி முழங்கி மழை பெய்யும். எனினும் எங்கள் கரைக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கிய சில நாள்களில் என் தாயார் காலையில் முதல் வாளியை இறைத்து, உள்ளங்கையில் ஒரு மிடறு ஊற்றிச் சுவைத்துப் பார்ப்பார். கரிப்பு குறைந்திருந்தால் அன்றைய காப்பிக்குக் கிணற்று நீரையே அடுப்பில் ஏற்றச் சொல்வார்.